லீக்ஸ் வளர்க்க எது தோது: விதையா, நாற்றா, சூப் பாக்கெட் அடிக்கட்டையா?

தென்னாப்பிரிக்காவில் மாசி பிறந்ததும், வெங்காயக் குடும்பத்து லீக்ஸைப் பற்றி ஒரே கேள்வி மூன்று விதமாக வந்து சேர்கிறது. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர், "நர்சரியில் லீக்ஸ் நாற்று வந்துவிட்டது, வாங்கலாமா?" என்கிறார். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருப்பவர், "விதைப் பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன், நேராகப் பாத்தியில் தூவிவிடவா?" என்கிறார். இன்னொருவர் கடையில் வாங்கிய சூப் பாக்கெட்டில் கேரட், டர்னிப், செலரியோடு வந்த லீக்ஸின் அடியை நறுக்கித் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருக்கிறார். நாலே நாளில் நடுவிலிருந்து பச்சையாகக் கிளம்பிவிட்டது. "இதையே நட்டுவிட்டால் காசு மிச்சம்தானே?"

மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேருக்காவது பொய் சொன்னதாகிவிடும். விலையை மட்டும் பார்த்தால் விதைப் பாக்கெட்டுக்கும் ஒரு ட்ரே நாற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை, அடிக்கட்டை இலவசம். ஆனால் லீக்ஸில் பணம் செலவாகும் இடம் கடை கவுன்டர் இல்லை. அது தின்பது உங்கள் பாத்தியை.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், பாத்தி எத்தனை மாதம் அடைபட்டிருக்கும் என்பது. விதை போட்டதிலிருந்து கட்டைவிரல் தடிமனுக்கு மேல் வெள்ளைத் தண்டு வர லீக்ஸுக்கு ஆறு மாதமாவது ஆகும், சில ரகங்களுக்கு இன்னும் கூட. டர்பனில் அந்த ஆறு மாதம் சாதாரணக் காலம் இல்லை. உறைபனி இல்லாத கடற்கரைக் குளிர்காலத்தில்தான் கோஸ், காலிஃப்ளவர், பட்டாணி, வெந்தயக்கீரை, கொத்தமல்லி எல்லாம் நன்றாக வருகின்றன. தக்காளிகூடக் கோடையைவிட நோயில்லாமல் காய்க்கிறது. லீக்ஸ் உட்கார்ந்திருக்கும் ஒரு சதுர மீட்டரில் இரண்டு முறை கொத்தமல்லி அறுத்திருக்கலாம். இந்தக் கணக்கைப் போடாமல் "விதைதான் மலிவு" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, விதைக்கும் வேளையில் உங்கள் ஊர்ச் சூடு. லீக்ஸ் விதைக்கு 18 முதல் 24 டிகிரி வரை சுகம். 27-ஐத் தாண்டினால் முளைப்பு குறைய ஆரம்பிக்கும். டர்பனில் பிப்ரவரிப் பகல் 28 டிகிரி, வெயிலில் கிடக்கும் கறுப்பு ட்ரேயின் மண் அதற்கும் மேலே. ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் சுட்டாலும் இரவு ஆறிவிடும். ஒரே பாக்கெட் விதை இரண்டு ஊரில் இரண்டு விதமாக நடந்துகொள்வது இதனால்தான்.

மூன்றாவது, உங்களுக்கு வேண்டியது வெள்ளைத் தண்டா, பச்சை இலையா. நான்காவது, முதல் இரண்டு மாதம் நாள் தவறாமல் தண்ணீர் காட்ட ஆள் இருக்கிறதா. ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டியது: வெளியிலிருந்து வரும் செடி உங்கள் மண்ணுக்கு என்ன நோயைக் கூட்டி வருகிறது?

## பட்டம் தவறினால் எதுவும் உதவாது

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது இந்த மண்ணில் தலைகீழ். ஆடியில் இங்கே நடுக்குளிர். கோயிலில் ஆடிக்கஞ்சி காய்ச்சும் நாட்களில் லீக்ஸ் பாத்தியில் தடித்துக்கொண்டிருக்க வேண்டும். நமக்கு மாசியும் பங்குனியும்தான் லீக்ஸ் பட்டம். தைப்பூசக் காவடி முடிந்த கையோடு விதை வேலையைத் தொடங்கலாம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

டர்பன், தோங்காட் போன்ற கரையோர ஊர்களில் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை விதைத்து, மே, ஜூனில் நடலாம். லெனேசியா போன்ற ஹைவெல்ட் (உள்நாட்டு மேட்டுச் சமவெளி) ஊர்களில் ஜனவரி கடைசி முதல் மார்ச்சுக்குள் விதையை முடித்துவிடுங்கள். உறைபனி வருவதற்குள் நாற்று வேர்பிடித்திருக்க வேண்டும். பிடித்த பிறகு பனியைப் பற்றிக் கவலை இல்லை. காலையில் இலை விறைத்து நின்றாலும் வெயில் ஏறியதும் நிமிர்ந்துவிடும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் இரண்டுக்கும் நடுவில், மார்ச் நல்ல மாதம்.

## விதை, ட்ரேயில் நாற்றாக வளர்த்து நடுவது

ஒரு கிராமில் ஏறக்குறைய 350 முதல் 400 விதை இருக்கும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு சதுர மீட்டர் லீக்ஸே தாராளம். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 15 என்று நட்டால் ஒரு சதுர மீட்டரில் 22 செடி நிற்கும். ஆக, பாக்கெட்டில் முக்கால்வாசி விதை மிஞ்சும். மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பதில்தான் ஏமாற்றம் இருக்கிறது. வெங்காயக் குடும்பத்து விதைக்கு ஆயுள் குறைவு. முதல் வருடம் நன்றாக முளைத்தது அடுத்தடுத்த வருடம் குறைந்துகொண்டே போகும், அதுவும் டர்பன் ஈரக்காற்றில் சமையலறை டிராயரில் கிடந்தால் சொல்லவே வேண்டாம். பாக்கெட்டின் பின்புறத் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். மிச்சத்தை அந்த வாரமே அக்கம்பக்கத்தில் பிரித்துக் கொடுத்துவிடுவது உத்தமம்.

ஐஸ்கிரீம் டப்பா போதும். இரண்டு லிட்டர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, நாற்று மண் நிரப்பி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் 40 நாற்று எடுக்கலாம். மேலோட்டமான ட்ரேயைவிட ஆழமான டப்பாவில் வேர் நீளமாக இறங்கும், நடும்போது அது உதவும். வைக்கும் இடம்தான் முக்கியம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் இதில் தடுமாறுவார்கள்: இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது, ஆகவே வீட்டின் தெற்குச் சுவரோரம்தான் குளிர்ச்சி. அங்கே டப்பாவை வைத்து நனைத்த சாக்கால் மூடி, முளை தெரிந்த அன்று சாக்கை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். 10 முதல் 14 நாளில் மடங்கிய நூல் மாதிரி பச்சை தெரியும். பென்சில் தடிமன் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை பாத்தி உங்களுடையது. பின்கோடை பீன்ஸையோ முள்ளங்கியையோ எடுத்து முடித்துவிடலாம். விதைவழியின் உண்மையான லாபம் இதுதான், பாக்கெட் விலையில் மிச்சமாகும் சில ரேண்டுகள் இல்லை.

மறைந்திருக்கும் செலவு, கவனம். குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நாட்கள் நம் இரண்டு நகரத்துக்கும் புதிதில்லை. டப்பா மண் ஒரு பகல் முழுக்கக் காய்ந்தால் இரண்டு வார நாற்று திரும்பாது. ஒரு வாளித் தண்ணீரை டப்பாவுக்கென்று தனியாக மூடி வையுங்கள்.

ரகத்தைத் தேர்ந்தெடுக்க முடிவதும் விதையில் மட்டும்தான். நீண்டு மெலிந்து சீக்கிரம் வரும் ரகமும் உண்டு, குட்டையாகத் தடித்துக் குளிர் தாங்கும் ரகமும் உண்டு. ஹைவெல்டுக்கு இரண்டாவது வகை, கரையோரத்துக்கு முதல் வகை.

## விதை, நேராகப் பாத்தியில்

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முளைத்து ஒன்றரை மாதம் வரை லீக்ஸ் பார்ப்பதற்குப் புல்தான். டர்பன் தோட்டத்தில் கோரை இல்லாத பாத்தி ஏது? கோரைக்கு நடுவே எது லீக்ஸ், எது களை என்று குந்தி உட்கார்ந்து பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். பாத்தியும் ஏழு எட்டு மாதம் அடைபடும். விதை மேல்மட்டத்தில் இருப்பதால் வெள்ளைத் தண்டும் குட்டையாகவே வரும், மண் அணைத்து அணைத்துத்தான் நீட்ட வேண்டும்.

ஒரே ஒரு சூழ்நிலையில் ஒப்புக்கொள்வேன்: இடம் தாராளமாகக் கிடக்கிறது, களை இல்லை, பென்சில் தடிமனிலேயே பிடுங்கி வெங்காயத்தாள் மாதிரி சமைக்கப் போகிறீர்கள் என்றால் நெருக்கமாகத் தூவி, கலைத்துப் பிடுங்கித் தின்னலாம்.

## நர்சரி நாற்று

டர்பனில் முதல் முறை லீக்ஸ் போடுபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். விதை முளைக்கத் தகராறு செய்யும் சூட்டை நர்சரிக்காரர் நிழல்வலைக்குக் கீழே சமாளித்துவிடுகிறார். உங்கள் கைக்கு வரும்போது வானிலை இறங்கியிருக்கும். நட்டதிலிருந்து நான்கு ஐந்து மாதத்தில் அறுவடை. வேலைக்குப் போகிறவர்கள், வாரக் கடைசியில் மட்டும் தோட்டத்தில் நிற்பவர்கள், பால்கனியில் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் ஐந்தாறு செடி வைக்க நினைப்பவர்கள், இவர்கள் விதையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஆறு குழி ட்ரேயை ஆறு செடி என்று நினைத்து விலை அதிகம் என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு குழியிலும் பெரும்பாலும் மூன்று நான்கு நாற்று கொத்தாக நிற்கும். ட்ரேயை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வேரைப் பிய்க்காமல் அலசிப் பிரித்தால் ஒரு ட்ரே ஒரு சதுர மீட்டருக்கு வந்துவிடும். பிரிக்காமல் கொத்தோடு நட்டால் கொத்தாகவே மெலிந்து வரும், கடையில் கிடைக்கும் தடிமன் ஒருநாளும் வராது.

இனி இதன் குறைகள். அட்டையில் வெறும் "லீக்ஸ்" என்றுதான் இருக்கும், ரகப் பெயர் பல நேரம் இருக்காது. கடையில் பல வாரம் கிடந்த நாற்றின் வேர் குழிக்குள் சுருண்டிருக்கும், இலை நுனி மஞ்சளடித்திருக்கும். அதை வாங்கினால் நட்ட பிறகு ஒரு மாதம் அப்படியே முறைத்துக்கொண்டு நிற்கும். நூல் மாதிரி இருக்கும் நாற்றைவிடப் பென்சிலில் பாதித் தடிமன் வந்ததைத் தேர்ந்தெடுங்கள். இலையில் ஆரஞ்சுப் பொடி மாதிரி துருப் புள்ளி இருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். இலை மடிப்புக்குள் வெள்ளிக் கீறல் தெரிந்தால் இலைப்பேன் குடியிருக்கிறது. அதையும் விட்டுவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், கடையில் எப்போது வருகிறதோ அப்போதுதான் கிடைக்கும். பங்குனியில் வந்தால் சரி. ஜூலையில் வந்தால் ஆசைப்படாதீர்கள், வெயில் ஏறும் மாதங்களில்தான் அது தடிக்க வேண்டியிருக்கும்.

## சூப் பாக்கெட் அடிக்கட்டை

இணையத்தில் இதைப் பற்றி நிறைய அழகான படங்கள் உலவுகின்றன. படத்தில் தெரிவது பச்சை இலை. நாம் லீக்ஸ் வளர்ப்பது வெள்ளைத் தண்டுக்கு. அடிக்கட்டை தன்னிடம் மிச்சமிருக்கும் சத்தைச் செலவழித்து இலை விடுகிறது. பழைய தண்டு மறுபடி நீண்டு தடித்துக் கடை லீக்ஸ் ஆவதில்லை.

போதாததற்கு அது ஏற்கெனவே வயதான செடி. லீக்ஸ் இரண்டு வருடப் பயிர்: முதல் வருடம் உடம்பு வளர்த்து, குளிரைப் பார்த்த பிறகு அடுத்த இளவேனிலில் பூத்தண்டு விடும். சூப் பாக்கெட் அதிகம் விற்பது குளிர்காலத்தில். அப்போது வாங்கிய லீக்ஸ் எங்கோ ஒரு வயலில் குளிரைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் கிண்ணத்துக்கு வந்திருக்கும். நட்டுவைத்தால் செப்டம்பரில் நடுவே கடினமான தண்டு கிளம்பும்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாத்தியில் நட வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் வேறு. வெங்காயக் குடும்பத்துக்கு வரும் வெள்ளை அழுகல் நோயின் பூஞ்சை, கசகசா அளவுக் கறுப்பு உருண்டைகளாக மண்ணில் தங்கும். 20 ஆண்டு வரைகூட அது உயிரோடு இருக்கும். எந்த வயலில் விளைந்தது என்று தெரியாத ஒரு வேர்த்தட்டை உங்கள் மண்ணில் புதைத்து, அது வந்துவிட்டால் வெங்காயம், பூண்டு, லீக்ஸ் மூன்றையும் அந்தப் பாத்தியில் மறந்துவிட வேண்டியதுதான். இலவசம் என்பதற்கு இதுதான் விலை. எல்லாக் கட்டையிலும் நோய் இருக்கிறது என்று சொல்லவில்லை. வாய்ப்பு குறைவுதான், ஆனால் வந்தால் திருப்பி அனுப்ப வழியில்லை.

ஆகவே தொட்டியில் வையுங்கள். வேர் முளைக்கும் தட்டோடு மூன்று சென்டிமீட்டர் விட்டு நறுக்கி, தண்ணீரில் வைத்தால் தினமும் தண்ணீர் மாற்றி, ஒரு வாரத்தில் தொட்டி மண்ணுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று முறை இலை கிள்ளலாம். சூப்புக்கும், பருப்புத் தாளிப்பதற்கும், முட்டைப் பொரியலுக்கும் போதும். கடையில் தட்டு தெரியாமல் ஒட்ட நறுக்கியிருந்தால் அது துளிர்க்காது, வீணாகக் காத்திருக்காதீர்கள். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வேடிக்கை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ட்ரேயில் விதை | நேர் விதைப்பு | நர்சரி நாற்று | அடிக்கட்டை |
|---|---|---|---|---|
| பாத்தி அடைபடுவது | 4–5 மாதம் | 7–8 மாதம் | 4–5 மாதம் | பாத்தியே வேண்டாம், தொட்டி |
| விதைப்புச் சூட்டின் தொல்லை | டர்பனில் உண்டு, ஹைவெல்டில் குறைவு | டர்பனில் அதிகம் | இல்லை | இல்லை |
| வெள்ளைத் தண்டு | நீளம், தடிமன் | குட்டை | நீளம், தடிமன் | கிடையாது |
| தினக் கவனம் | முதல் இரண்டு மாதம் கட்டாயம் | களையெடுப்பு ஓயாது | நட்ட முதல் இரண்டு வாரம் | தண்ணீர் மாற்றுவது மட்டும் |
| நோய் வரும் வழி | மிகக் குறைவு | மிகக் குறைவு | பார்த்து வாங்கினால் குறைவு | தெரியாத வயலின் மண் |
| ரகத் தேர்வு | உண்டு | உண்டு | பெரும்பாலும் இல்லை | இல்லை |

லெனேசியாவில், நிழல் விழும் சுவரும் தினமும் வீட்டில் ஒரு ஆளும் இருந்தால் ட்ரே விதைதான். டர்பனில் முதல் முறை என்றால் நாற்று. ஒரு வருடம் நாற்று போட்டு, லீக்ஸ் உங்கள் வீட்டில் செலவாகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த மாசியில் விதைக்கு மாறலாம். வாரம் ஒரு முறை சூப்பில் இரண்டு துண்டு போடுகிற வீடாக இருந்தால், உண்மையைச் சொன்னால், கடையில் வாங்குவதே லாபம். அந்த ஒரு சதுர மீட்டரை வெந்தயக்கீரைக்குக் கொடுங்கள்.

## நடும்போது இன்னொரு முடிவு: குழியா, மண் அணைப்பா

தண்டு வெளுப்பதற்கு வெளிச்சம் படக்கூடாது. அதற்கு இரண்டு வழி. துடைப்பக் கட்டையால் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தி, நாற்றை உள்ளே இறக்கி, மண் தள்ளாமல் தண்ணீர் மட்டும் ஊற்றுவது ஒன்று. தண்ணீரோடு போகும் கொஞ்சம் மண் வேரை மூடிக்கொள்ளும், மீதிக் குழி தானாக நிரம்பும். இலை மடிப்பில் மண் ஏறாது, சமைக்கும்போது அலசும் வேலை பாதி குறையும். ஹைவெல்டின் கெட்டி மண்ணுக்கு இது கச்சிதம்.

டர்பனின் சிவப்பு மணலில் குழி குத்திக் கட்டையை உருவியதுமே சரிந்துவிடும். அங்கே ஆழமான சாலில் நட்டு, செடி வளர வளர மூன்று நான்கு முறை மண் அணைக்க வேண்டும். இலை பிரியும் இடத்துக்கு மேலே மண்ணை ஏற்றாதீர்கள், அடுக்குக்கு அடுக்கு மணல் நறநறக்கும்.

எந்த வழியானாலும் அடியில் மக்கிய க்ரால் எரு (மாட்டுப்பட்டி எரு) தாராளமாக இருக்கட்டும். மழை அதிகம் பெய்யும் கரையோர மண் புளித்திருந்தால் டோலமைட் சுண்ணாம்பு முன்கூட்டியே கலந்துவிடுங்கள். லீக்ஸுக்கு பி.எச். 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டும். தழைச்சத்து இல்லாமல் லீக்ஸ் தடிக்காது. மாதம் ஒரு முறை கோழி எருக் குருணையோ, ஒரு மீட்டர் வரிசைக்கு ஒரு தேக்கரண்டி எல்.ஏ.என். (சுண்ணாம்பு கலந்த அமோனியம் நைட்ரேட்) உரமோ போட்டுத் தண்ணீர் காட்டலாம். வேர் மேலோட்டமானது. மூடாக்கு இல்லாவிட்டால் ஹைவெல்டின் மழையில்லாக் குளிர்காலத்தில் வாரம் இரு முறை தண்ணீரும் பற்றாது.

நட்ட முதல் இரண்டு வாரம் வலை போட மறக்காதீர்கள். குரங்குகள் தக்காளியைத் தேடுவதுபோல் லீக்ஸைத் தேடுவதில்லை. தொல்லை ஹடிடா பறவையால்தான். ஈரப் பாத்தியில் மண்புழுவுக்காக நீண்ட அலகை நுழைத்து நாற்றைப் புரட்டிப் போட்டுவிட்டு, கூரைமேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும்.

அறுவடையைத் தள்ளிப்போடுவது ஹைவெல்டில் ஆபத்து. புரட்டாசி மரக்கறி மாதத்துக்கென்று பாத்தியில் விட்டு வைப்பவர்கள் உண்டு. விரதத்தில் வெங்காயம் ஒதுக்கும் வீட்டில் லீக்ஸும் அதே குடும்பம் என்பதால் அந்தப் பேச்சே இல்லை. மற்றவர்கள் ஆவணி கடைசியிலேயே ஒவ்வொரு செடியின் நடுவையும் விரலால் அழுத்திப் பாருங்கள். உருண்டையாகக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் பூத்தண்டு கிளம்பிவிட்டது. அன்றே பிடுங்கி, நெடுக்காகப் பிளந்து, நடுத்தண்டை எடுத்துப் போட்டுவிட்டுச் சமையுங்கள், மீதி நன்றாகத்தான் இருக்கும். தாமதமாகிவிட்டால் பூத்தண்டை மட்டும் வெட்டி எறிந்து செடியை மண்ணிலேயே விடுங்கள். சில செடிகள் அடியில் வெள்ளை உருண்டைகளைக் கட்டும், அவற்றைப் பிரித்து அடுத்த மாசியில் நடலாம்.